ஆறாவது ஷரத்து

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குச் சட்டம் படிக்காமலேயே ஒப்பந்தம் படிக்கத் தெரியும். கூடலூர் டீக்கடையில் ஒருவர் "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷம்" என்று ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் மிச்சத்தை முடித்துவிடுவார். 1886 அக்டோபர் 29. ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா, இன்னொரு பக்கம் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் ராஜாங்கச் செயலர். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் குத்தகை. 1970-இல் அது 30 ரூபாயானது. இந்தக் காகிதத்தின் பேரில்தான் முல்லைப் பெரியாறு மேற்கே கடலுக்குப் போகாமல் மலையைக் குடைந்து லோயர் கேம்ப்புக்கு வருகிறது. எங்கள் ஊரில் இரண்டு போகம் நெல் விளைவதற்கும், பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைப்பதற்கும் காரணம் அதுதான்.

இந்த ஒப்பந்தம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடுறவன் வேற, அதால வாழுறவன் வேற. சுருளிப்பட்டி விவசாயியைக் கேட்டு யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய அதிர்ஷ்டம், காகிதம் அவர் பக்கம் இருந்தது. காகிதம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தாலும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை.

பகலில் நான் மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரியில் பழைய உடன்படிக்கைகளைத் தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் ரொம்ப நாள் மனசை விட்டுப் போகாமல் இருப்பது 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை. சில பக்கங்கள்தான். அதன் ஆறாவது ஷரத்தில் தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் பங்குண்டு. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய வருஷம் இந்தியா ஒரு பெரிய சபைக்குப் போக மறுத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

*

சண்டை முடிவதும் சமாதானம் ஆவதும் ஒன்றல்ல. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் சட்டப்படி இரண்டு நாடுகளும் போரில்தான் இருக்கும். உடன்படிக்கை எழுத வேண்டும், பிரதிநிதிகள் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகு அந்தந்த நாட்டு நாடாளுமன்றமோ அரசோ அதை ஏற்று உறுதிசெய்ய வேண்டும். கையெழுத்து நிச்சயதாம்பூலம், ஏற்புறுதிதான் தாலி. நிச்சயத்தோடு நின்றுபோன கல்யாணங்கள் சரித்திரத்தில் நிறைய உண்டு.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அமெரிக்கா. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையை முன்னின்று எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சன். அதை ஏற்க மறுத்தது அவருடைய சொந்த நாட்டு செனட். சர்வதேச சங்கத்தில் சேர்ந்தால் இன்னொரு நாட்டின் எல்லைக்காக அமெரிக்கப் பையன்கள் சாக வேண்டிவரும் என்பது செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ் தரப்பின் வாதம். அவர்கள் கேட்ட திருத்தங்களை வில்சன் ஏற்கவில்லை. 1920 மார்ச் 19 வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஏழு ஓட்டு குறைந்தது. அமெரிக்கா 1921-இல் ஜெர்மனியோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டது. அதே வெர்சாய் உடன்படிக்கையில் அடிமை இந்தியாவின் பெயரில் கையெழுத்து விழுந்திருக்கிறது. போட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அமெரிக்காவுக்கு இருந்தது, இந்தியாவுக்கு இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து அந்த உரிமை நமக்கும் வந்தது. வந்ததும் பயன்படுத்தினோம்.

*

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஓப்பரா அரங்கில் ஜப்பானுடனான சமாதான மாநாடு கூடியது. 52 நாடுகள் உட்கார்ந்தன. செப்டம்பர் 8 அன்று 49 நாடுகள் கையெழுத்திட்டன. வந்திருந்தும் மறுத்தவை சோவியத் ஒன்றியம், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா. ஜப்பானால் மிக அதிகம் அடிபட்ட சீனாவுக்கு அழைப்பே இல்லை. பீக்கிங்கையும் கூப்பிடவில்லை, தைபேயையும் கூப்பிடவில்லை. அழைப்பு வந்தும் போகாத நாடுகள் மூன்று: யூகோஸ்லாவியா, பர்மா, இந்தியா.

சரி, இந்தியா ஏன் போகல?

அந்த ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு இந்திய அரசு அனுப்பிய குறிப்பில் காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. ஜப்பானுக்கு மற்றச் சுதந்திர நாடுகளுக்குச் சமமான கௌரவம் கிடைக்க வேண்டும், கிழக்காசிய அமைதியில் அக்கறையுள்ள எல்லா நாடுகளும் கையெழுத்திடக்கூடிய உடன்படிக்கையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு அளவுகோல்களை முதலில் வைத்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்தது. ரியூக்யூ, போனின் தீவுகளின் மக்கள் சரித்திரப்படி ஜப்பானோடு சேர்ந்தவர்கள், அவற்றை அமெரிக்கக் கட்டுப்பாட்டில் வைப்பது நியாயமில்லை. அந்நியப் படைகள் ஜப்பானில் தங்க ஏற்பாடு செய்வதை இந்த உடன்படிக்கைக்குள்ளேயே நுழைக்கக் கூடாது, ஜப்பான் முழுச் சுதந்திரம் பெற்ற பின் அதுவாக முடிவு செய்யட்டும். ஃபார்மோசா, அதாவது இன்றைய தைவான், சீனாவுக்குத் திரும்பும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். கூரில் தீவுகளையும் தெற்கு சகாலினையும் சோவியத்துக்கு என்று எழுத வேண்டும். உடன்படிக்கையோ, ஜப்பான் அவற்றை விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லி, யாருக்கு என்பதைச் சொல்லாமல் நிறுத்தியிருந்தது.

எதிர்த்தரப்பில் உடன்படிக்கையை வடித்தவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பானைச் சீக்கிரம் தன் பக்கத்து நாடாக நிறுத்த வேண்டிய அவசரம் அமெரிக்காவுக்கு. சமாதானத்தில் கையெழுத்திட்ட அதே நாளில் அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டன. இந்தியா பயந்தது நடந்தது.

எழுபது வருஷம் தாண்டி இன்று அந்தக் குறிப்பைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ரியூக்யூவின் ஒகினாவா 1972 வரை அமெரிக்காவிடம் இருந்தது. இன்றும் ஜப்பானில் உள்ள அமெரிக்க ராணுவத் தளப் பரப்பில் சுமார் 70 சதவீதம் அந்தக் குட்டித் தீவில்தான். கூரில் சிக்கலால் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இன்றுவரை சமாதான உடன்படிக்கை இல்லை. தைவான் எந்நேரமும் தலைப்புச் செய்தி. நேரு அரசு விரல் வைத்துக் காட்டிய இடங்கள் எல்லாம் பிறகு புண்ணாயின. அரசியல் தீர்க்கதரிசனம் என்ற வார்த்தையை நான் லேசில் பயன்படுத்த மாட்டேன். இதற்குப் பொருந்தும்.

இலங்கை வேறு பாதை எடுத்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டிருந்தன. இருந்தும் அதன் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா மாநாட்டுக்குப் போனார். வெறுப்பால் வெறுப்பைத் தணிக்க முடியாது என்ற புத்தரின் உபதேசத்தை முன்வைத்து இழப்பீடு வேண்டாம் என்றார், கையெழுத்தும் போட்டார். ஜப்பானில் இன்றும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள்.

*

இந்தியாவின் முடிவுக்குப் பின்னால் ராஜதந்திரம் மட்டும் இல்லை, மனசும் இருந்தது. 1949-இல் டோக்கியோ குழந்தைகளுக்காக நேரு ஒரு யானையை அனுப்பினார், தன் மகளின் பெயரையே அதற்கு வைத்து. போரில் அங்கிருந்த யானைகள் செத்துப்போயிருந்தன. 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஜப்பானை அழைத்தோம். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர்களை யாரும் அழைத்திருக்கவில்லை. டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதியவர் இந்திய நீதிபதி ராதாபினோத் பால்.

எங்கள் பக்கத்து மனசையும் சொல்ல வேண்டும். தேனி 1996 வரை மதுரை மாவட்டம். முத்துராமலிங்கத் தேவரின் செல்வாக்கும் ஃபார்வர்டு பிளாக்கும் வேரூன்றிய மண். போஸ் என்றும் நேதாஜி என்றும் பெயருள்ளவர்கள் ஊருக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். அந்தக் கதையில் ஜப்பான்காரன் நேதாஜிக்குத் தோள் கொடுத்தவன். வெள்ளைக்காரனைச் சிங்கப்பூரில் மண்டியிட வைத்தவன். நான் சின்ன வயசில் கேட்டதெல்லாம் இந்த ஜப்பான்தான்.

அதே காலத்தில், அதே தோட்டங்களிலிருந்து, அதே ஜப்பான் கூட்டிப்போன இன்னொரு தமிழ்க் கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி எங்கள் ஊர்க் கதைகளில் எதுவும் இல்லை.

*

சயாம் மரண ரயில். தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். காடு, மலை, ஆறு. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பான் ராணுவம் முடித்தது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஹாலிவுட் படம் எடுத்தது இவர்களைப் பற்றித்தான்.

ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? 1,80,000 என்று ஒரு கணக்கு, இரண்டரை லட்சத்துக்கு மேல் என்று இன்னொரு கணக்கு. இறந்தவர்கள் சுமார் 90,000 என்பார்கள், லட்சத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரம் பேருக்கு மேல் போயிருப்பார்கள் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். கங்காணி வழியாகவும் கப்பல் வழியாகவும் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கத்திலிருந்து போனவர்கள், அவர்களின் பிள்ளைகள். எங்கள் பள்ளத்தாக்கில் கூலிக்குப் போனவர்கள் பெரும்பாலும் மேற்கே ஏலமலை ஏறினார்கள். அவர்கள் கடல் தாண்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். சில மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பிறகு சொல்லாமலும் பிடித்துப் போனார்கள். சிப்பாய்களுக்குத் தங்கள் பட்டாளத்து மருத்துவர்களாவது கூட இருந்தார்கள். கூலிகளின் முகாமில் அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

இப்போது டோக்கியோவுக்குத் திரும்புவோம். சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் இந்தியா ஜப்பானுடனான போர்நிலையை முடித்துக்கொண்டது. ஜூன் 9 அன்று இந்தியத் தரப்பில் கே.கே. செட்டூரும் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஒகசாகி கட்சுவோவும் தனி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்நியப் படை பற்றிய பேச்சு இல்லை, தீவு பறிப்பு இல்லை. இந்தியாவில் முடக்கப்பட்ட ஜப்பானியச் சொத்துகளைத் திருப்பித் தருவோம் என்றது. கௌரவமான காகிதம்.

ஆறாவது ஷரத்துக்கு இரண்டு பிரிவுகள். முதலாவது, ஜப்பான் மீதான எல்லாப் போர் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் இந்தியா கைவிடுகிறது. இரண்டாவது, போரை நடத்தும்போது ஜப்பானும் அதன் குடிமக்களும் செய்த செயல்களால் எழும் இந்தியாவின் கோரிக்கைகளையும், இந்தியக் குடிமக்களின் கோரிக்கைகளையும் கைவிடுகிறது.

முதல் பிரிவு இந்தியாவின் பெருந்தன்மை. தன் பணத்தை ஒரு அரசு வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டாவதில் இருக்கிற 'இந்தியக் குடிமக்கள்' யார்? மூன்றரை ஆண்டு ஜப்பானியப் பிடியில் கிடந்த அந்தமான்காரர்கள். 1944 ஜனவரியில் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்ட 44 பேரின் குடும்பங்கள். மலாயாவிலிருந்து உயிரோடு ஊர் திரும்பியவர்கள். அங்கே செத்துப்போனவர்களுக்கு இங்கே இருந்த அம்மா, மனைவி, பிள்ளைகள். இவர்கள் யாரையும் கேட்காமல் இவர்கள் கோரிக்கை ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

மலாயாவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு வேறு கதவு இருந்ததா? அவர்கள் சார்பில் கையெழுத்திட வேண்டியது பிரிட்டன். அது சான் பிரான்சிஸ்கோவில் போட்டுவிட்டது. அந்த உடன்படிக்கையின் 14-ஆவது ஷரத்தும் குடிமக்களின் கோரிக்கைகளைக் கைவிடுகிறது. 16-ஆவது ஷரத்து ஒரு சலுகை தருகிறது: நடுநிலை நாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்துகள் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் போர்க்கைதிகளுக்குப் பகிரப்படும். பிரிட்டிஷ் கைதி ஒவ்வொருவருக்கும் சுமார் 76 பவுண்டு கிடைத்தது. அவமானம் என்று அவர்கள் பல பத்தாண்டுகள் போராடி, 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசிடமிருந்தே 10,000 பவுண்டு வாங்கினார்கள். போராட அவர்களுக்கு ஒரு வரையறை இருந்தது, 'போர்க்கைதி'. தோட்டத் தமிழன் சிப்பாய் இல்லை, ஆகவே கைதியும் இல்லை. அவனுக்கென்று எந்த உடன்படிக்கையிலும் ஒரு ஷரத்து இல்லை. 1967-இல் மலேசியாவுக்கு ஜப்பான் 25 மில்லியன் வெள்ளி மதிப்பில் ஒரு நல்லெண்ண உதவி கொடுத்தது. வந்தது இரண்டு சரக்குக் கப்பல்கள்.

*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் பார்த்துவிடுவோம். 1952-இல் புதிதாய்ப் பிறந்த ஒரு ஏழை நாடு, தோற்றுப்போன இன்னொரு ஏழை நாட்டிடம் என்ன பெரிசாய்க் கேட்டிருக்க முடியும்?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். பர்மாவும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகவில்லை. ஆனால் இந்தியாவுக்கு நேர் எதிரான காரணத்துக்காக. உடன்படிக்கை ஜப்பானுக்குக் கடுமையாக இருக்கிறது என்றது இந்தியா, இழப்பீட்டில் நம்மை ஏமாற்றுகிறது என்றது பர்மா. 1954-இல் தனி உடன்படிக்கை போட்டு 20 கோடி டாலர் மதிப்பில் பொருளும் சேவையுமாக வாங்கியது. பலுச்சாங் நீர்மின் நிலையம் அதில் வந்ததுதான். இந்தோனேசியா கையெழுத்துப் போட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. நிச்சயத்தோடு நிறுத்தி, 1958-இல் 22 கோடி டாலருக்கு மேல் பேசி முடித்தது. பிலிப்பைன்ஸ் கையெழுத்திட்டுவிட்டு, 55 கோடி டாலர் உறுதியான பிறகே 1956-இல் ஏற்றது. மறுப்பை அவர்கள் பேரத்துக்குப் பயன்படுத்தினார்கள். நாம் கொள்கைக்குப் பயன்படுத்தினோம்.

அந்தப் பணமும் கூலிகள் கைக்குப் போயிருக்காது என்பது உண்மை. பர்மாவிலும் அது அணைக்கட்டுக்குத்தான் போனது. இந்தியாவும் வாங்கியிருந்தால் ஏதோ ஒரு ஆலையில் இயந்திரமாக நின்றிருக்கும். தவிர, பெருந்தன்மைக்குப் பலனும் கிடைத்தது. 1958-இல் ஜப்பான் தன் முதல் யென் கடனை இந்தியாவுக்குத்தான் கொடுத்தது.

என் மனசு உறுத்துவது பணத்துக்காக இல்லை. இழப்பீடு கேட்கிற நாடு முதலில் எண்ண வேண்டும். எந்தத் தோட்டம், எத்தனை பேர், பெயர் என்ன, எந்த ஊர், யார் வாரிசு என்று பட்டியல் போட வேண்டும். அதிகாரி ஒருவர் கிராமத்துக்கு வந்து "உங்க வீட்ல யாராவது சயாமுக்குப் போய்த் திரும்பலையா?" என்று கேட்க வேண்டும். பணம் வராவிட்டாலும் அந்த ஏடு இருந்திருக்கும். கோரிக்கையைக் கைவிட்டதில் நாம் இழந்தது அந்தக் கேள்வியை. கைவிடுகிறவனுக்குக் கணக்கு தேவையில்லை.

மேலே நான் கொடுத்த எண்களையே பாருங்கள். 1,80,000-க்கும் 2,50,000-க்கும் நடுவில் எழுபதாயிரம் பேர் வித்தியாசம். ஒரு நகரம் அளவு மனிதர்கள், இருந்தார்களா இல்லையா என்பதே தெரியாமல் வட்ட எண்களுக்கு இடையில் விழுந்து கிடக்கிறார்கள். என் தொழிலில் ஒரு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே அது எண்ணப்பட்டதா, குத்துமதிப்பா என்று சொல்லிவிடலாம். காஞ்சனபுரி ராணுவக் கல்லறையில் காமன்வெல்த் வீரர்கள் 5,084, டச்சு வீரர்கள் 1,896. தன்பியுசயாட்டில் 3,149, 621. எண்ணியிருக்கிறார்கள். பெயர் தெரிந்த அத்தனை பேருக்கும் பெயர் பொறித்த கல். புல் வெட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ள ஆணையம்.

போர் முடிந்த மறு வருஷம், 1946-இல், அந்த ரயில் பாதையின் தாய்லாந்துப் பகுதியைப் பிரிட்டன் தாய்லாந்துக்கே 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. மலாயா, பர்மா, டச்சுக் கிழக்கிந்தியா ரயில்வேக்களிலிருந்து ஜப்பான் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளங்களுக்கும் பெட்டிகளுக்கும் அந்தப் பணம் ஈடாகப் போனது. எந்த ரயில்வேக்கு எத்தனை மைல் இரும்பு நஷ்டம் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.